பலகை தானாகப் படுக்க வேண்டும்

மரக் கப்பல் மாதிரிப் பெட்டியைத் திறந்ததும் கண் போவது பீரங்கிகளுக்கும் பாய்மரங்களுக்கும் முன்முனையான அணியத்தில் நிற்கும் சிற்பத்துக்கும்தான். ஆனால் முடிந்த கப்பலைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது உடலின் வளைவும் அதன் மேல் ஓடும் பலகை வரிகளும். அந்த ஓட்டம் எங்காவது தடுக்கினால், எவ்வளவு நுணுக்கமான சிற்பமும் அதை மறைக்காது. அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் பலகை வேலைதான். வண்ணம், செம்புத் தகடு, கயிறு எல்லாம் அதற்குப் பிறகு வரும்.

பலகை ஒட்டுவதில் நம்பக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பசை தடவும் முன், பலகையை அதன் இடத்தில் வைத்து விரல் நுனியால் தொட்டாலே அது கப்பலின் விலா எலும்புபோல் நிற்கும் எல்லாச் சட்டங்களிலும் படுத்துவிட வேண்டும். ஆணியும் கிளாம்பும் பசை காயும்வரை பிடித்துக்கொள்வதற்கு. வளைப்பது அவற்றின் வேலை அல்ல. அழுத்திப் பிடித்தால்தான் படுக்கிறது என்றால், அதற்கு முந்தின ஏதோ ஒரு வேலை சரியாக முடியவில்லை என்று பொருள். அங்கே திரும்பிப் போவதுதான் குறுக்கு வழி.

எலும்புக்கூடு

பெரும்பாலான கிட்களில் 4 அல்லது 5 மி.மீ. பிளைவுட்டில் வெட்டிய, கப்பலின் முதுகெலும்பான ஏராவும், அதில் குறுக்கே செருகும் சட்டங்களும் வரும். ஏரா நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடித்த கண்ணாடி மேல் படுக்கவைத்து இரு முனைகளையும் மாற்றி மாற்றி அழுத்தினால் ஆடக்கூடாது. 1 மி.மீ. வளைவுதானே, சட்டங்களை ஒட்டும்போது நேராகிவிடும் என்று விட்டால் அந்த வளைவு பாய்மரம் நடும் நாள்வரை கூடவே வரும். உள்வளைந்த பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, சமதளத்தில் எடை வைத்து ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் நேராகும். மறுநாள் மீண்டும் வளைந்தால் சட்டங்கள் செருகும் பிளவுகளுக்கு இடையே இருபுறமும் 5×5 மி.மீ. மரத்துண்டுகளை ஒட்டி இறுக்கிவிட வேண்டியதுதான்.

குறுக்குச் சட்டங்கள் பிளவில் தளர்வாகச் செருகினால் சாயும். இறுக்கமாகச் செருகினால் ஏராவையே வளைக்கும். லேசாகத் தட்டினால் இறங்குகிற அளவுக்குப் பிளவை அரத்தால் தேய்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்து ஒட்டிய பிறகு, சட்டங்களுக்கு இடையே ஏராவை ஒட்டிச் செவ்வகக் கட்டைகளை அடைத்துவிடுங்கள். முன் முனையிலும் பின் முனையிலும் உள்ள இரண்டு இடைவெளிகளைப் பால்சா மரத்தால் முழுவதும் நிரப்பிச் செதுக்குவது இன்னும் நல்லது. பலகை மிக அதிகமாக வளையும் இடம் அதுதான். அங்கே வெறும் 4 மி.மீ. விளிம்பில் பலகையை நிறுத்துவதற்குப் பதில் முழுப் பரப்பில் ஒட்டலாம்.

அடுத்தது சட்டங்களின் விளிம்பைச் சாய்ப்பது. லேசர் வெட்டிய சட்டத்தின் விளிம்பு செங்கோணமாக இருக்கும். ஆனால் பலகை அதன் மேல் சாய்வாகத்தான் போகிறது. நடுச்சட்டத்துக்கு முன்னால் இருப்பவற்றில் அணியத்தைப் பார்க்கும் விளிம்பைத் தேய்க்க வேண்டும்; பின்னால் இருப்பவற்றில் பின்புறத்தைப் பார்க்கும் விளிம்பை. எதிர் விளிம்பைத் தொடக்கூடாது, கப்பலின் வடிவம் அதில்தான் இருக்கிறது. அதில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுத் தேய்த்தால், கோடு மறையத் தொடங்கும்போதே நிறுத்திவிடலாம்.

தேய்க்கும் கட்டை மூன்று சட்டங்களையாவது ஒரே நேரத்தில் தொடும் நீளத்தில் இருக்கட்டும். வளைகிற மெல்லிய பட்டையில் 120 எண் உப்புத்தாளை ஒட்டிக்கொண்டால் போதும். சிறு துண்டுத் தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாக வட்டமாகும், ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுநடுவே 1.5×4 மி.மீ. பட்டை ஒன்றைச் சட்டங்களின் மேல் குறுக்கே பிடித்து, ஐந்தாறு உயரங்களில், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பாருங்கள். பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சட்டம் தாழ்ந்திருக்கிறது, 0.5 மி.மீ. பட்டை ஒட்டி உயர்த்துங்கள். தாழ்ந்த ஒரு சட்டத்துக்காக மற்ற எல்லாவற்றையும் தேய்த்து இறக்கினால் கப்பல் மெலிந்துபோகும்.

பின்தூண் கணக்கு

ஏராவின் பின் அடிப்பகுதியைத் தேய்த்து மெல்லியதாக்கச் சொல்லி வழிகாட்டிப் புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும். அதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். கணக்குப் போட்டால் அது எவ்வளவு முக்கியம் என்று புரியும். பின்முனையில் சுக்கானைத் தாங்கும் பின்தூண் 5 மி.மீ. தடிமன். முதல் அடுக்குப் பலகை 1.5, இரண்டாம் அடுக்கு 0.5, ஆக ஒரு பக்கத்துக்கு 2 மி.மீ. இரு பக்கமும் சேர்த்து 4. மிச்சம் ஏராவுக்குக் கிடைப்பது 1 மி.மீ. மட்டுமே. 5 மி.மீ. ஏராவை அந்த இடத்தில் 1 மி.மீ. வரை தேய்க்காவிட்டால் பலகை முடியும் இடம் 9 மி.மீ. ஆகிவிடும். 5 மி.மீ. பின்தூணும் சுக்கானும் அதன் நடுவில் குச்சிபோல் நிற்கும். பலகை ஒட்டிய பிறகு இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

கடைசிச் சட்டங்களின் அடிமுனை ஏராவைத் தொடும் இடங்களை இணைத்து இருபுறமும் ஒரு கோடு வரைந்துகொண்டு, அந்தக் கோட்டிலிருந்து விளிம்பு நோக்கிச் சீராகச் சரிவு கொடுங்கள். கூர்மையான அகல உளி இதற்கு உப்புத்தாளைவிட நல்லது. பிளைவுட்டின் அடுக்குகள் மலையின் உயரக்கோடுகள் போலத் தெரியும். இரு பக்கமும் அவை ஒன்றுபோல் இருந்தால் சரிவும் ஒன்றுபோல் இருக்கிறது. அணியத்திலும் முன்தூணை ஒட்டிப் பலகை முனை உட்கார ஒரு காடி வெட்டிக்கொள்ள வேண்டும்.

அகலம் குறையும் இடமும் கூடும் இடமும்

கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. பின்புறத்தில் பல கப்பல்களுக்கு நடுப்பகுதியைவிடவும் அதிகம். ஒரே அகலப் பலகை மூன்று இடத்துக்கும் பொருந்தாது. அதனால் ஒட்டத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு சட்டத்திலும் காகிதப் பட்டை வைத்து, மேல் விளிம்புப் பலகைக்குக் கீழிருந்து ஏராவரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. நடுச்சட்டத்தில் 90 மி.மீ., பலகை அகலம் 5 மி.மீ. என்றால் 18 வரிகள். அணியத்தில் அளவு 58 மி.மீ. என்றால் ஒவ்வொரு வரிக்கும் 3.2 மி.மீ. கிடைக்கும். ஒவ்வொரு பலகையையும் முன்முனையில் 3.2-க்கு இழைத்தால் பதினெட்டும் அழகாக அடங்கும். அணியத்தில் 40 மி.மீ.தான் இருக்கிறது என்றால் 2.2 மி.மீ. வருகிறது. பலகையைப் பாதி அகலத்துக்குக் கீழே குறைக்கக்கூடாது. முனையில் ஆணி பிடிக்காது, பிளந்துபோகும் என்பதால் மெய்யான கப்பல் தச்சர்களும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. அங்கே இரண்டு வரிகளை முன்தூண்வரை கொண்டுபோகாமல் நடுவிலேயே முடித்து, பக்கத்துப் பலகையில் அதற்குப் படி வெட்டிப் பொருத்த வேண்டும். பதினாறு வரிகள், வரிக்கு 2.5 மி.மீ. கணக்கு முடிந்தது. பின்புறத்தில் 105 மி.மீ. இருந்தால் 21 வரிகள் தேவை. 18 போக மூன்று இடங்களில் ஆப்பு வடிவத் துண்டுகள் நுழைக்க வேண்டும். பலகையை அகலமாக விரித்து இடைவெளியை மறைக்க முடியாது.

இந்த எண்களை ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பிலும் பென்சில் கோடுகளாகக் குறித்துவிடுங்கள். பிறகு பலகை ஒட்டுவது கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலை மட்டுமே. பதினெட்டு வரிகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எல்லையிலும் மெல்லிய மரப்பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டால் ஒரு வரியில் சேர்ந்த அரை மி.மீ. பிழை அடுத்த தொகுதிக்குப் போகாது.

இழைக்கும்போது பலகையின் ஒரு விளிம்பை மட்டும் இழைக்க வேண்டும், மேலிருந்து கீழ் வருகிறவர்கள் கீழ் விளிம்பை. ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பலகையோடு சேரும் விளிம்பு தொழிற்சாலையில் வெட்டிய நேர்த்தியோடு அப்படியே இருக்கட்டும். சேரும் பக்கத்தில் உட்புற விளிம்பை மட்டும் லேசாகச் சாய்த்துவிட்டால், வளைவில் வெளிப்பக்க இடைவெளி திறக்காது.

வளைத்தல்

வளைவில் இரண்டு வகை உண்டு. தட்டைப் பக்கமாக வளைப்பது எளிது. 1.5 மி.மீ. லிண்டன் மரப் பட்டையைச் சுடுநீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சூடான இரும்பின் மேலோ மின் வளைப்பானிலோ இழுத்தால் போதும். சிக்கல் இரண்டாவது வகையில். அணியத்தில் பலகை சுற்றிவரும்போதே மேல்நோக்கியும் ஓட வேண்டியிருக்கிறது. நேரான பட்டையை அப்படி ஓட்டினால் ஒரு விளிம்பு சட்டத்தில் பதியும், மற்றது தூக்கும். உடல் முழுக்கப் படிப்படியாக ஓடு வேய்ந்தது போல் தெரிவதற்கு இதுதான் காரணம். பலகையை அகலவாட்டில், விளிம்பின் திசையிலேயே வளைக்க வேண்டும். ஈரப்படுத்திய பட்டையை மேசையில் தட்டையாக வைத்து, ஒரு முனையை கிளாம்பால் பிடித்து, மறுமுனையை வேண்டிய வளைவைவிடச் சற்று அதிகமாக இழுத்துக் கட்டி, நடுவில் புடைக்காமல் மேலே ஒரு கட்டையை அழுத்தி, ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் சூடு, பிறகு முழுவதும் ஆறும்வரை காத்திருப்பு. ஆறும் முன் கழற்றினால் பட்டை பழைய வடிவத்துக்குத் திரும்பும். பேரிமரமும் செர்ரியும் பாக்ஸ்வுட்டும் இதற்கு அழகாக இணங்கும். நார் குறுக்கே ஓடும் வால்நட் பட்டை பட்டென்று முறியும். அப்படிப்பட்ட பட்டைகளை முதலிலேயே ஒதுக்கி, நேரான பகுதிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஈரமான பலகையை அப்படியே ஒட்டுவது மிகப் பரவலான தவறு. மரம் நீர் குடித்தால் நாருக்குக் குறுக்காக விரியும், காய்ந்தால் சுருங்கும். ஈரத்தில் இடைவெளியின்றி ஒட்டிய வரிகள் இரண்டு நாளில் முடியளவு விலகி நிற்கும். வளைத்ததைச் சட்டத்தில் கட்டி இரவெல்லாம் காயவிட்டு மறுநாள் ஒட்டுங்கள்.

இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு என்று மாற்றி மாற்றி ஒட்டுவது கட்டாயம். ஒரே பக்கம் ஆறேழு பலகை ஏறினால் பசை காயும் இழுவையில் ஏரா முறுக்கிக்கொள்ளும். ஆணிகளைப் பாதிவரை மட்டும் அடித்து, காய்ந்ததும் பிடுங்கிவிட வேண்டும். முதல் அடுக்கு முடிந்ததும் 120, 180, 240 என்று உப்புத்தாளில் ஏறுங்கள். கண்ணைவிட விரலை நம்புங்கள். கண்ணை மூடி உள்ளங்கையால் அணியத்திலிருந்து பின்புறம்வரை தடவினால் கால் மி.மீ. மேடும் தெரிந்துவிடும். ஒரே இடத்தில் அதிகம் தேய்க்கிறீர்கள் என்றால் உள்ளே விளக்கு வைத்துப் பாருங்கள்; வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் மேலும் தேய்க்கக்கூடாது, பள்ளத்தை ஃபில்லரால் நிரப்ப வேண்டும்.

பசைகள்

முதல் அடுக்குக்கு வெள்ளை மரப்பசை போதும், அதைவிட நல்லது தேவையில்லை. 0.5 மி.மீ. இரண்டாம் அடுக்குக்குத்தான் யோசிக்க வேண்டும். சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் குளூ) நொடியில் பிடிக்கும், ஆனால் மெல்லிய பலகையில் ஊடுருவி மேல்பக்கம்வரை வரும். அந்த இடம் எண்ணெயையோ ஷெல்லாக்கையோ குடிக்காது; கடைசியில் பளபளப்பான திட்டுகளாக நிற்கும். வண்ணம் பூசப்போகும் உடலுக்குப் பரவாயில்லை. மரத்தின் நிறத்திலேயே விடப்போகும் உடலுக்கு நல்ல வழி ஒன்று: பலகையிலும் உடலிலும் வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி, இரண்டும் கண்ணாடிபோல் காயும்வரை அரை மணி நேரம் விட்டு, பலகையை இடத்தில் வைத்துச் சிறு இஸ்திரியின் நுனியால் அழுத்துங்கள். காய்ந்த பசை சூட்டில் இளகி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். தவறாக வைத்தால் மீண்டும் சூடேற்றி எடுத்துவிடலாம், பசை வழிவதும் இல்லை.

பூச்சுப் போடும் முன் டர்பென்டைன் தொட்ட துணியால் உடலைத் துடைத்துப் பாருங்கள். பசைத்திட்டு இருக்கும் இடம் மட்டும் நிறம் மாறாமல் வெளுத்துத் தெரியும். சுரண்டி எடுக்க அதுதான் கடைசி வாய்ப்பு.

மேல்தளம்

அளவுகோலை மறக்க வைக்கும் இடம் இது. 1:64 அளவில் 25 முதல் 30 செ.மீ. அகலமுள்ள மெய்ப் பலகை 4 முதல் 4.7 மி.மீ. ஆகும், 7 மீட்டர் நீளம் 109 மி.மீ. ஆகும். அணியத்திலிருந்து பின்புறம்வரை ஒரே பட்டையாக ஒட்டிய தளம் தூரத்திலிருந்தே பொய் சொல்லும். 108 மி.மீ. துண்டுகளாக வெட்டி, நாலு வரிக்கு ஒரு சுழற்சியாக மூட்டுகளை நகர்த்துங்கள்: முதல் வரி 0, இரண்டாவது 54, மூன்றாவது 27, நான்காவது 81 மி.மீ. ஐந்தாவது வரி மீண்டும் 0. ஒரே உத்திரத்தின் மேல் வரும் இரண்டு மூட்டுகளுக்கு நடுவே மூன்று முழுப் பலகைகள் கிடைக்கும்.

பலகை இடுக்குகளில் நாரும் தாரும் அடைத்ததைக் காட்டும் கலப்பற்றுக் கோட்டுக்கு ஒவ்வொரு பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் 2பி பென்சிலை ஓட்டினால் போதும். இரு விளிம்பிலும் ஓட்டினால் கோடு தடித்து, பார்க்கிறவருக்குக் கம்பி வேலிபோல் இருக்கும். மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம். பூச்சுப் பட்டதும் மை நார் வழியே ஊறிப் பரவும். ஓரத்தில் தளப் பலகை விளிம்புப் பலகையைச் சாய்வாகச் சந்திக்கும்போது, அந்தச் சாய்வெட்டின் நீளம் பலகை அகலத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் கூர்முனையாக விடாமல், முனையைப் பாதி அகலத்தில் மழுங்க வெட்டி விளிம்புப் பலகைக்குள் செருக வேண்டும்.

மர ஆணிகள் பற்றி ஒரு சொல். கிட்டோடு வரும் பித்தளை ஆணியின் தலை 1 மி.மீ. 1:64-இல் அது 64 மி.மீ., சின்னத் தட்டு அளவு. மெய்யான மர ஆணி 25 முதல் 38 மி.மீ. விட்டம், ஆகவே மாதிரியில் 0.4 முதல் 0.6. மூங்கில் சீவலைத் துளைத்தகட்டின் வழியே படிப்படியாக இழுத்தால் அந்த அளவு கிடைக்கும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஆணியே காட்டாமல் விட்டுவிடலாம். பெரிதாகக் காட்டுவதைவிட அது எப்போதும் அழகு.

வண்ணமும் அலங்காரமும்

எந்த வண்ணம் என்பதை முடிவு செய்வது காலம்தான். 1628-இல் மூழ்கி 1961-இல் மீட்கப்பட்ட ஸ்வீடனின் வாசா கப்பலின் பின்புறம் நீலப் பின்னணி கொண்டது என்று நெடுநாள் நம்பினார்கள். மரத்தில் ஒட்டியிருந்த நிறத்துகள்களை ஆராய்ந்த பிறகு அது சிவப்பு என்று தெரிந்தது. பழைய வரைபடத்தைப் பார்த்து நீலம் பூசிய மாதிரிகள் இன்னும் நிறைய உண்டு. பொன்னிறமும் அப்படித்தான். 1703-இல் ஆங்கிலக் கடற்படை சிற்ப வேலைகளைக் குறைக்க ஆணையிட்டது. அதற்குப் பிந்தைய சாதாரணப் போர்க்கப்பலில் பளபளக்கும் பொன்னைவிட மஞ்சள் காவி பொருத்தம். மாதிரியிலும் மஞ்சள் காவியைப் பூசி, மேடுகளில் மட்டும் பொன்வண்ணத்தை உலர்ந்த தூரிகையால் தொட்டால் சிற்பத்தின் ஆழம் தெரியும். முழுவதும் பொன் பூசினால் ஆழம் அழிந்து, வார்த்த உலோகக் கட்டிபோல் ஆகிவிடும்.

கலப்பில்லாத கறுப்பும் வெள்ளையும் சிறிய பொருளில் கனமாகத் தெரியும். கறுப்பில் கொஞ்சம் பழுப்பும் சாம்பலும், வெள்ளையில் கொஞ்சம் காவியும் கலந்துகொள்ளுங்கள். பளபளப்பில்லாத அக்ரிலிக்கை நீர்த்து ஐந்தாறு பூச்சு, இரண்டு பூச்சுக்கு ஒருமுறை 400 எண் தாளால் மெல்லிய தேய்ப்பு. நேர்கோடு வேண்டிய இடத்தில் மறைப்பு நாடா ஒட்டியதும், அதன் விளிம்பில் அடியில் இருக்கும் வண்ணத்தையே ஒருமுறை பூசிக் காயவிட்டு, பிறகு புது வண்ணம் பூசுங்கள். ஊறுவதெல்லாம் அடிநிறமாகவே ஊறும், கோடு கத்தியால் வெட்டியது போல் நிற்கும்.

நீருக்குள் இருக்கும் அடிப்பகுதியை மூடும் செம்புத் தகட்டுக்கு முதல் கேள்வி, அந்தக் கப்பலுக்குச் செம்பு உண்டா என்பது. ஆங்கிலக் கடற்படையில் அலார்ம் என்ற கப்பலில் 1761-இல்தான் முதன்முதலில் சோதித்தார்கள். கடற்படை முழுக்கப் பரவியது 1779-க்குப் பிறகு. 1750-இல் ஓடிய கப்பலுக்குச் செம்பு ஒட்டினால், வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் தவறு தவறுதான். அதற்கு மங்கிய வெள்ளைப் பூச்சே சரி. செம்பு உண்டென்றால், தகடு ஏறத்தாழ 122×36 செ.மீ.; 1:64-இல் 19×5.5 மி.மீ. இரு பக்கமும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டும். பின்புறத்தில் தொடங்கி முன்னோக்கி வர வேண்டும், முன்தகட்டின் முனை பின்தகட்டின் மேல் ஏறும்படி. நீரோட்டம் தகட்டைப் பெயர்க்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஒட்டும் முன் உடலை இரண்டு பூச்சு வார்னிஷால் அடைத்துவிடுங்கள். வெறும் மரத்தில் ஒட்டிய செம்பு நாடா, தூசியை மட்டும் பிடித்துக்கொண்டு சில மாதங்களில் தூக்கும். கையுறை இல்லாமல் தொட்ட இடத்தில் விரல் ரேகை பச்சையும் கறுப்புமாகப் பூத்து நிற்கும்.

பாய்மரமும் பருமலும்

கிட்டில் வரும் உருண்டைக் குச்சியை அப்படியே தேய்ப்பதைவிட, நேரான நார் ஓடும் சதுரக் கட்டையிலிருந்து செய்வது நிலைக்கும். வரிசை முக்கியம்: சதுரமாக இருக்கும்போதே முனை நோக்கி மெலியவைத்து, பிறகு எட்டுப்பட்டை, பிறகு பதினாறு, கடைசியில் உருட்டு. எட்டுப்பட்டைக்கு ஒவ்வொரு முகத்தையும் 7:10:7 என்று பிரித்துக் கோடு இழுக்க வேண்டும். 10 மி.மீ. முகத்தில் அது 2.9, 4.2, 2.9.

மெலிவு நேர்கோடு அல்ல. பாயைத் தாங்கிக் குறுக்கே தொங்கும் பருமலுக்கு நடுவிலிருந்து முனைவரை நாலு பாகமாகப் பிரித்தால், 18-ஆம் நூற்றாண்டு இறுதியின் ஆங்கில அட்டவணைப்படி முறையே நடு விட்டத்தின் 30/31, 7/8, 7/10, 3/7. நடுவில் 6 மி.மீ. என்றால் 5.8, 5.25, 4.2, 2.6. முதல் கால்பாகத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். நேராகக் கூம்பிய பருமல் பென்சில்போல் இருப்பதற்குக் காரணம் அதுவே. கப்பிகளையும் கொக்கிகளையும் பருமல் மேசையில் இருக்கும்போதே கட்டிவிடுங்கள். மரத்தில் ஏற்றிய பிறகு கட்டினால் இடுக்கி நுழைய இடம் இருக்காது.

கயிறு

பழைய அட்டவணைகள் கயிற்றைச் சுற்றளவால் சொல்லும், விட்டத்தால் அல்ல. இதை அறியாமல் மூன்று மடங்கு தடித்த கயிறு போட்டவர்கள் ஏராளம். 18 அங்குலக் கயிறு என்றால் விட்டம் 18-ஐ 3.14-ஆல் வகுத்த 5.73 அங்குலம், 145.5 மி.மீ.; 1:64-இல் 2.3 மி.மீ. கப்பியின் நீளம் ஏறத்தாழக் கயிற்றுச் சுற்றளவைப்போல் மூன்று மடங்கு. 0.5 மி.மீ. கயிறு ஓடும் கப்பி 5 மி.மீ.க்கு மிக அருகில் இருக்கும்.

பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரவுட் கயிறுகளும், முன்னோக்கி இழுக்கும் ஸ்டே கயிறுகளும் தார் பூசியவை. கரும்பழுப்பு சரி, மைக்கறுப்பு வேண்டாம். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் சணல் நிறம். ஷ்ரவுட்களை இரண்டிரண்டாக, வலப்பக்க முன் ஜோடி முதலில், அடுத்து இடப்பக்க முன் ஜோடி என்று மாற்றி மாற்றி மரத்தலையில் மாட்ட வேண்டும். ஸ்டே அவை எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியில். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்துவிடும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் நிமிராது.

ஷ்ரவுட்டின் அடியில் மூன்று துளை வட்டக்கட்டைகள் ஜோடியாக வரும். மேல்கட்டைகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்பது கப்பலின் அழகில் பெரும் பங்கு. கம்பியை இருமுனையிலும் மடித்து ஓர் அளவுகருவி செய்து, இரு கட்டைகளின் துளையிலும் மாட்டி, இடைவெளி மாறாமல் ஒவ்வொன்றையும் கட்டுங்கள். கப்பலின் உடலோடு சேர்த்து முதலும் கடைசியும் கட்டியபின் நடுவில் உள்ளவற்றைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

ஏணிக் கயிறுகளுக்கு மெய்யான இடைவெளி 33 செ.மீ. அளவு, மாதிரியில் 5.2 மி.மீ. அந்த இடைவெளியில் கோடு போட்ட அட்டையை ஷ்ரவுட்களுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஷ்ரவுட்டிலும் இரட்டைச் சுற்றாக வரும் கிளவ் ஹிட்ச் முடிச்சைப் போடுங்கள். கீழிருந்து வரிசையாக ஏறாமல், முதலில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று போட்டுவிட்டு இடையை நிரப்புவது நல்லது. ஒவ்வொரு முடிச்சிலும் துளி இழுவை கூடினாலும் வெளி ஷ்ரவுட்கள் உள்ளே வளைந்து, நடுவில் இடுப்பு ஒடுங்கிய உடுக்கைபோல் ஆகும். முதலில் போட்ட ஐந்தாம் வரிகள் அந்த அகலத்தைப் பிடித்து நிறுத்தும். நீர்த்த வெள்ளைப் பசை ஒரு துளி முடிச்சைக் காக்கும். சயனோஅக்ரிலேட் வைத்தால் கயிறு கண்ணாடிபோல் விறைத்து, பளபளத்து, சில ஆண்டுகளில் அந்த இடத்தில் ஒடியும்.

கயிற்றின் முனையைத் தளத்தில் கட்டிய பிறகு தொங்கவிடும் சுருளைத் தனியாகச் செய்யுங்கள். ஆணிகள் அடித்த பலகையில் சுற்றி, நீர்த்த பசையில் நனைத்து, கீழ்ப்பகுதி சற்று இழுபட்டுத் தொங்கும் வடிவத்தில் காயவைத்து மாட்ட வேண்டும். நூலுக்கு மாதிரி அளவில் எடையே கிடையாது. தானாகத் தொங்கும் என்று விட்டால் வில்போல் விரிந்து நிற்கும்.

கண்ணாடிப் பெட்டி

தூசி கயிற்றில் ஒருமுறை படிந்தால் முழுதாக எடுக்க முடியாது, அதனால் பெட்டி தவிர்க்க முடியாதது. பெட்டிக்கு ஓக் மரம் வேண்டாம். அது வெளிவிடும் அசெட்டிக் அமில ஆவி, பழைய கிட்களில் வரும் ஈயம் கலந்த பீரங்கிகளையும் சிற்பங்களையும் அரித்து வெள்ளைத் தூளாக்கிவிடும். எந்த மரமானாலும் முழுவதும் மூடிய பெட்டிக்குள் பசையும் வார்னிஷும் விடும் ஆவி தேங்கும். அடிப்பலகையின் பின்பக்கத்தில் இரண்டு மூலைகளிலும் 10 மி.மீ. துளை போட்டு, தூசி நுழையாதபடி உட்புறம் மெல்லிய துணி ஒட்டுங்கள். வெயில் படும் சன்னலுக்கு எதிரே வைத்தால் வால்நட் வெளுக்கும், செர்ரி கறுக்கும், கயிறு நைந்துபோகும்.